காது கிழித்த பதினொரு கடா

மல்லிகைப் பதியன் நின்ற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சிதான் மிச்சம் இருந்தது. அந்தக் குச்சியையும் ஒரு கறுப்புக் கடா வாயில் கவ்வி ஆட்டிக்கொண்டிருந்தது.

அமராவதி இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கவில்லை. போட்டாள். அது செம்பாறையில் மோதி, வாய் நசுங்கி, வாசல்படி வரை உருண்டது. சுவரில் சாத்தியிருந்த கடப்பாரை அடுத்த நொடி அவள் கைக்கு வந்துவிட்டது.

"ஐயையோ, வாத்தியாரம்மா! அடிச்சிராதீங்க! அது சாமிக் கடா!"

தெருவிலிருந்து கத்தியவள் காத்தாயி. ஊர்ப் பெரிய வீட்டு அழகுமலையின் ஆடுகளை மேய்ப்பவள். தோளில் தொரட்டிக் கம்போடு வேலிக்கு வெளியே நின்றவள், உள்ளே கால் வைக்கவும் பயந்து அங்கேயே கையை உதறிக்கொண்டிருந்தாள்.

உள்ளே மொத்தம் பதினொரு கடா. இரண்டு கடாக்கள் பின்னங்காலில் எழுந்து நின்று அவரைப் பந்தலை இழுத்தன. கத்தரிப் பாத்தியில் நாலு. வாழைக் குருத்தில் மூன்று. துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்ற ஒன்று, இந்த வீட்டுக்கே தான்தான் சொந்தக்காரன் என்பதுபோல் அசைபோட்டபடி அமராவதியைப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் இடது காது நடுவில் கிழிந்து இரண்டு இலையாகத் தொங்கியது.

"இதுகளை வெளிய ஓட்டு" என்றாள் அமராவதி.

"நான் எப்படி ஓட்டுறது ஆத்தா? கருப்பருக்கு நேந்து விட்டது. மேயுற வாயைத் தடுத்தா கை விளங்காதும்பாக. வயிறு நெறைஞ்சா அதுவா போயிரும்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. உடம்புக்கு முடியாமல் போனாலோ, வழக்கு வம்பு வந்தாலோ, ஒரு கடாக்குட்டியின் இடது காதைக் கிழித்துக் கருப்பர் பேரைச் சொல்லி விட்டுவிடுவார்கள். அது யார் வயலில் மேய்ந்தாலும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, வைது விரட்டவும் கூடாது. ஆடி மாதக் கடைசியில் திருவிழா வரும். அன்றைக்கு அது கருப்பருக்குப் போய்விடும். கறம்பக்குடிக்குத் தெற்கே இருந்த செம்பாறைப்பட்டியில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அமராவதி மூன்று மாதம் முன்பு வந்தவள். அவளுக்கும் இப்போது தெரியும். கடாக்கள் இந்தத் தோட்டத்துக்குள் வந்தது இது மூன்றாவது தடவை.

வயிறு நிறைந்து அவை போகிற வரை, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவள் நின்றபடியே நின்றாள்.

அந்தக் குச்சி சாதாரணக் குச்சி இல்லை. அவள் புருஷன் முத்துராமன் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பதினாலு வருஷத்தில் ஏழு ஊர் மாற்றல். ஏழு வாடகை வீடு. போன இடத்திலெல்லாம் அவள் செடி வைத்தாள். காய்க்கிற நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. காயை வீட்டுக்காரர்கள் பறித்தார்கள். கடைசியாக இருந்தது விராலிமலையில். கிணற்றடியில் அவள் வைத்த மல்லிகை மூன்று வருஷத்தில் புதராகி, சாயங்காலமானால் தெருமுனை வரை மணத்தது. காலி செய்த அன்று ஒரு முழம் பூ பறிக்கக் கை நீட்டினாள். வீட்டுக்காரம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"செடி கொடியெல்லாம் வீட்டோட சேந்தது. வாடகைதானே குடுத்தீங்க?"

அமராவதி செருப்பை மாட்டக் குனிகிற சாக்கில் அடிக்கொப்பு ஒன்றை ஒடித்தாள். ஈரத் துணியில் சுற்றி, தூக்குவாளியில் வைத்து, மூன்று பஸ் மாறிச் செம்பாறைப்பட்டிக்குக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். இனிமேல் நான் வைத்த செடியில் அடுத்தவன் வாய் படக் கூடாது.

சொந்த வீடு என்று அவர்கள் கட்டியது ஊர்க்கோடியில், பாறையின்மேல். பாறை என்பதால்தான் மனை மலிவாகக் கிடைத்தது. கட்டி முடிக்கிறதற்குள் கையிருப்பும் அவள் வளையலும் சுவருக்குள் போய்விட்டன. பால் காய்ச்சிய அன்று வீட்டைச் சுற்றி இருந்தது சிவப்புப் பாறை, சுண்ணாம்புக் குவியல், உடைந்த ஓடு, வெயில்.

"வெளி வேலையெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்குவோம்" என்றான் முத்துராமன்.

"நான் காசு கேட்டேனா?" என்றாள் அவள்.

கேட்கவில்லை. அந்தச் சித்திரையில் கண்மாய் வற்றிக் கிடந்தது. அடியில் கறுப்பாக வண்டல். வெட்டி எடுத்துக்கொள்ள யாருக்கும் தடை இல்லை. விடிகிற நேரத்தில் ஆரம்பித்து வெயில் ஏறுகிற வரை கூடை கூடையாகத் தலையில் சுமந்தாள். முதல் நாள் சாயங்காலம் பாறையில் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பாள். மறுநாள் கடப்பாரையால் இடிப்பாள். ஒரு நாளைக்கு ஒரு குழி. இடித்தெடுத்த செம்பாறைச் சில்லை வாசலிலிருந்து தெரு வரை பரப்பியதில் நடைபாதை ஆயிற்று. உடைந்த ஓடுகளைப் பாத்தி ஓரமாகச் சாய்த்து நட்டாள். கிளுவைக் கொம்பை ஊர் வேலிகளில் கேட்டு வாங்கிச் சுற்றிலும் ஊன்றினாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்கு. துவைக்கிற தண்ணீர் முருங்கைக் கொம்புக்கு. ஆற்றோரத்தில் தானாக முளைத்த இரண்டு புங்கங்கன்று மேற்கு வெயிலை மறைக்க.

கோயில் பூசாரி வேளார், மண்குதிரையும் பானையும் செய்கிறவர். சூளையில் கீறல் விட்ட பானைகளை ஒதுக்கி வைத்திருந்தார். அதை அமராவதி கேட்டு வாங்கிவந்து, ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் கழுத்தளவு புதைத்தாள். மூன்று நாளுக்கு ஒரு தரம் நிரப்பினால் போதும். கீறல் வழியாகக் கசிந்து வேருக்குப் போகும். காசு கொடுத்து வாங்கியது ஒரே ஒரு தென்னம்பிள்ளை.

மல்லிகைப் பதியனுக்கு மட்டும் தலைவாசல் பக்கத்தில் தனிக் குழி, தனிப் பானை. அது ஆறு இலை விட்டிருந்தது. நேற்று எண்ணிப் பார்த்திருந்தாள்.

கடப்பாரையைக் கீழே போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அழகுமலையைத் தேடிப் போனாள்.

பஸ் நிற்கிற இடத்து டீக்கடை பெஞ்சில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர். அவருடைய நடுவிரல் மோதிரம் வெயிலில் மின்னியது.

"ஒங்க கடா என் தோட்டத்தை அழிச்சிருச்சு."

"என் கடாவா?" அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "எனக்கு ஏதும்மா கடா? எல்லாம் கருப்பர் கடா. நீ அங்கிட்டுப் போயில்ல கேக்கணும், கோயிலுக்கு? இங்கிட்டு எதுக்கு வந்தே?"

பெஞ்சு சிரித்தது.

"பதினொரு கடாங்க. பதினொண்ணுமா சாமிக்கு விட்டது?"

"பரவாயில்லையே, எண்ணத் தெரியுதே. வாத்தியார் சொல்லிக் குடுத்தாரா?" மறுபடி சிரிப்பு. "ஆமா, பதினொண்ணும் கருப்பருக்குத்தான். எனக்கு வயித்து வலி. வீட்டுல அவளுக்கு மூட்டு வலி. மகனுக்குக் கோர்ட்டுல கேஸு. வேண்டுதல் இருக்காதா?"

"பத்துப் பதினொரு வேண்டுதலா?"

"என் வலி எத்தனைன்னு ஒனக்கு எதுக்கும்மா கணக்கு? பாறையில தோட்டம் போட்டா ஆடு மேயத்தான் செய்யும். காசு இருந்தா மதில் கட்டு. இல்லைன்னா வீட்டுக்குள்ள குந்து. வந்து மூணு மாசம் ஆகலை, ஊர் வழக்கத்தை மாத்த வந்துட்டாங்கப்பா!"

அமராவதிக்குக் காது மடல் வரை சுட்டது. கையில் கடப்பாரையைக் கொண்டுவராதது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

"பதினொண்ணும் கருப்பருக்குத்தான்னு நீங்களே சொன்னீங்க" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக. "இங்க இருக்கிற எல்லாரும் கேட்டீங்க. ஞாபகம் வச்சுக்கங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. வேறு சொல்ல வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற வழியில் பஞ்சாயத்துப் பவுண்டு. அடுத்தவன் நிலத்தில் மேய்கிற மாட்டையும் ஆட்டையும் பிடித்து அடைக்கிற இடம். அங்கே இருந்த ஆளிடம் நாளைக்குப் பதினொரு கடா பிடித்து வருகிறேன் என்றாள். "காது கிழிச்ச உருப்படியா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள், சாவியை மடியில் செருகிக்கொண்டு, சாப்பிடப் போகிற நேரம் என்று எழுந்து போய்விட்டான். மணி காலை பத்தரை.

சாயங்காலம் முத்துராமன் வந்தபோது டீக்கடைச் சேதி அவனுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தது.

"அவருகிட்ட ஏன் போன? பள்ளிக்கூடம் நடக்குற கொட்டகையே அவரு எடத்துல இருக்கு. மேல ஒரு மனு போட்டாருன்னா என்னைத் தூக்கி மீமிசல்ல போட்டுருவாங்க."

"போடட்டும். அங்க மண்ணு உப்பாம். செடி வைக்கிற வேலையாச்சும் மிச்சம்."

"கோவத்துல பேசாத அமராவதி."

"பின்ன எதுல பேசச் சொல்றீங்க? மூணு மாசம் பாறை இடிச்சப்ப என் கையில வந்த கொப்புளத்துக்கு நீங்கதானே எண்ணெய் தடவுனீங்க? பாறைக்கு நான் பயப்படலை. நீங்க ஆட்டுக்குப் பயப்படுறீங்க."

"ஆட்டுக்கு இல்லை…"

"ஆட்டுக்காரனுக்கு. ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் நம்ம செடியத்தான் திங்குது."

அவன் இலந்தை முள் வெட்டிவந்து, கிளுவைக் கொம்புகளுக்கு இடையில் வைத்துக் கட்டினான். கை முழுக்க முள் கீறல். அவன் அவ்வளவு செய்தான் என்பதற்காக அவள் அன்றைக்கு மேற்கொண்டு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் கடாக்கள் முள்ளோடு வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. இந்தத் தடவை தென்னம்பிள்ளை.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஹனீபா சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். கறம்பக்குடியில் கறிக்கடை வைத்திருப்பவர். வாரம் ஒரு தரம் ஊர் ஊராகப் போய் ஆடு பிடிப்பார். அமராவதி தெருவை மறித்து நின்றாள்.

"ஹனீபா அண்ணே, உள்ள பதினொரு கடா நிக்குது. பூராத்தையும் பிடிச்சுட்டுப் போங்க. காலணா வேணாம்."

"என்ன தங்கச்சி, ஆட்டை ஓசியில குடுக்குற?" சிரித்துக்கொண்டே சைக்கிளைச் சாத்தியவர், காதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "இது நேந்து விட்ட உருப்படி. நாங்க தொட மாட்டோம். எங்க மார்க்கத்துலயும் கூடாது. ஒங்க ஆளுகளும் விடமாட்டாக. இதை எவன் தலையிலயும் கட்ட முடியாது."

"அப்ப வருஷா வருஷம் பத்துப் பதினொரு கடா எங்க போகுது? போன வருஷம் திருவிழாவுல அழகுமலை ஒரே ஒரு கடாதான் வெட்டுனாருன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாங்க."

ஹனீபா தலையைச் சொறிந்தார். பிறகு சட்டென்று சொறிவதை நிறுத்தினார்.

"இருங்க. போன வருஷம் ஆவணியில விராலிமலைச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒங்க ஊரு அழகுமலை அண்ணன் அங்க நிக்கிறாரு. அவ்வளவு தூரம் ஏன் வந்தாருன்னு யோசிச்சேன். என்னையப் பாத்ததும் துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைக்கிறாரு. பக்கத்துல ஒம்பது கடா. எல்லாத்துக்கும் இடது காது பாதிக்கு மேல இல்லை. என்னண்ணே காதுன்னேன். நாய் கடிச்சிருச்சுன்னாரு."

"ஒம்பதையுமா?"

"ஒம்பதுக்கும் ஒரே நாய், ஒரே காது, ஒரே அளவு! படிச்ச நாய் போலிருக்கு. எனக்கு மனசுக்குச் சரியாப் படலை. வாங்காம வந்துட்டேன்."

கிழிந்த காதை நறுக்கிவிட்டால் அடையாளம் ஏது? ஊரான் சோளத்திலும், ஊரான் கடலையிலும், தன் மல்லிகையிலும் மேய்ந்து கொழுத்த ஆடு. சந்தையில் அழகுமலை மடியில் பணம். நடுவில் கருப்பருக்கு ஒரு நோஞ்சான் கடா. சாமியைக் காவலுக்கு வைத்து ஆடு மேய்த்திருக்கிறான்.

அன்று மத்தியானமே காத்தாயியைக் கண்மாய்க்கரையில் பிடித்தாள். காத்தாயி முதலில் எழுந்து போகப் பார்த்தாள். அமராவதி போட்ட ஒரு அதட்டலில் உட்கார்ந்துவிட்டாள்.

"காதைப் பாக்குவெட்டியால நறுக்குவாரு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரத்தம் நிக்க மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்புறது நாந்தான். அதுக கத்துற கத்தலை நெனைச்சா எனக்குச் சோறு எறங்காது. நான் என்ன ஆத்தா செய்ய? அந்தச் சோறும் அவரு போடுறதுதான்."

"ஒன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடலை. ஒண்ணே ஒண்ணு சொல்லு. திருவிழா அன்னைக்கு மத்த பத்துக் கடாவும் எங்க நிக்கும்?"

"காட்டுக்குள்ள தூரமா ஓட்டிட்டுப் போயிருன்னுவாரு."

"எந்தக் காடுன்னு சொல்லுவாரா?"

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "அதெல்லாம் சொல்ல மாட்டாரு."

"கோயிலுக்குப் பின்னாலயும் காடுதான்" என்று சொல்லிவிட்டு அமராவதி எழுந்தாள்.

அங்கிருந்து நேரே பூசாரி வேளாரிடம் போனாள். அவர் திருவிழாவுக்கான மண்குதிரைக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வேளாரய்யா, சாமிக்கு விட்ட கடாவை வெட்டாம வச்சுக்கலாமா?"

"அது எப்படிம்மா? விட்டா விட்டதுதான். விக்கவும் கூடாது, வச்சுக்கவும் கூடாது."

"விடவே இல்லைன்னு ஒருத்தர் சொன்னா?"

"கருப்பர் முன்னால சூடத்தை அணைச்சு, இது சாமிக்கு விட்டதில்லைன்னு சத்தியம் பண்ணணும். பண்ணிட்டா அது வெறும் ஆடு. ஆட்டுக்கு உண்டான மரியாதைதான் அதுக்கும்." குதிரைக் கழுத்திலிருந்து கையை எடுத்தார். "ஏன் கேக்குற?"

"அன்னைக்குத் தெரியும்" என்றாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை உச்சிவேளை. சுத்துப்பட்டு ஊரெல்லாம் கோயில் பொட்டலில் நின்றது. கோயிலின் மூலசாமி அய்யனார் சைவம், அதனால் அவர் சந்நிதியில் திரை போட்டு மறைத்திருந்தார்கள். எதிரே வெட்டவெளியில் கருப்பர், அரிவாளோடு. அவருக்கு முன்னால் மாலை போட்ட கடாக்கள் வரிசையாக நின்றன. வேளார் வேண்டுதல்காரர் பேரைச் சொல்லுவார். கடா தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

"அழகுமலை வேண்டுதல், ஒண்ணு!"

பட்டு வேட்டியில் அழகுமலை முன்னால் வந்தார். கையில் பிடித்திருந்தது இருக்கிறதிலேயே இளைத்த கடா.

"ஒண்ணு இல்லை, பதினொண்ணு!"

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து குரல் வந்தது. கூட்டம் திரும்பியது. அமராவதி வரிசையைத் தாண்டி நடந்து வந்தாள். முத்துராமன் ஆண்கள் பக்கத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"யாருடா இவ? பொம்பளை கோயில்ல நடுவுல வந்து பேசுறதா!" அழகுமலை சத்தம் போட்டார்.

"டீக்கடையில பேசுனேன், சிரிச்சீங்க. கோயில்ல போயி கேளுன்னு சொன்னது நீங்க. கேக்க வந்திருக்கேன். பதினொண்ணும் கருப்பருக்குத்தான்னு எட்டுப் பேருக்கு முன்னால சொன்னீங்களா இல்லையா? அந்த எட்டுப் பேரும் இங்கதான் நிக்கிறாங்க. மத்த பத்து எங்க?"

டீக்கடை ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதில் ஒருவன் வாய்க்குள்ளே, "சொன்னாருதான்" என்றான்.

"அது… அடுத்த வருஷத்து வேண்டுதல்" என்றார் அழகுமலை.

"போன வருஷத்து ஒம்பது எங்க? விராலிமலைச் சந்தையில நாய் கடிச்ச காதோட நின்னுச்சே, அதுவா?"

அழகுமலையின் கை அவரையறியாமல் தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று.

அந்த நேரத்தில்தான் கோயிலுக்குப் பின்னால் இருந்த காட்டிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. காது கிழிந்த பத்துக் கடாக்கள், யாரும் கூப்பிடாமல், கூட்டத்துக்குள் புகுந்து வந்தன. எட்டத்தில் காத்தாயி தொரட்டியை ஊன்றிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றாள். கடாக்களுக்குப் பழகிய பழக்கம், யாரும் விரட்ட மாட்டார்கள் என்ற தைரியம். வந்ததும் வராததுமாகத் தோரணத்து வேப்பிலையைத் தின்ன ஆரம்பித்தன. கறுப்புக் கடா மட்டும் நேரே அழகுமலையிடம் வந்து, அவர் பிடித்திருந்த கடாவின் பூமாலையைக் கடித்து இழுத்தது.

"சாமியே பிடிச்சுட்டு வந்துருச்சு டோய்! ஊருக்கே கறிதான் இன்னைக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

வேளார் சூடத்தை ஏற்றித் தட்டை நீட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த அம்மா கேக்குறது நாயம். கருப்பர் முன்னால சொல்லுங்க. விட்டதுதான்னா, மாலை கொண்டாரச் சொல்லுறேன். பதினொண்ணும் இன்னைக்கே முடியணும். விடலைன்னா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அழகுமலை கடாக்களைப் பார்த்தார். பத்தும் கொழுகொழுவென்று இருந்தன. கூட்டத்தைப் பார்த்தார். கருப்பரைப் பார்க்கவில்லை. பிறகு உள்ளங்கையைச் சூடத்தின்மேல் வைத்து அமுக்கினார்.

"ஒண்ணுதான் விட்டேன். மத்தது… ஆடு. சும்மா அடையாளத்துக்குத்தான் காதைக் கிழிச்சேன்."

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முதலில் ஒரு கிழவர் முன்னால் வந்தார்.

"அப்ப மூணு வருஷமா எங் கடலைக்கொடியத் தின்னது சாமி இல்லையா? கும்பிட்டுக்கிட்டுல்ல நின்னேன், படுபாவி!"

"எஞ் சோளம்!"

"என் மருமக வெரட்டுனான்னு அவளைக் கோயிலைச் சுத்தி வரச் சொல்லி அபராதம் வாங்கினியேய்யா!"

பொட்டல் முழுக்கக் கொதித்தது. அழகுமலையின் பட்டு வேட்டியை யாரோ இழுத்தார்கள். வேளார் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நிற்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் அவரை அங்கேயே நிறுத்திவைத்து, யார் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்கள். முதலில் அமராவதியைக் கேட்டார்கள்.

"எவ்வளவும்மா குடுக்கணும்?"

"காசு வேணாம்."

"பின்ன?"

"என் வீடு நிக்கிறது பாறை. உரம் இல்லாம அதுல ஒண்ணும் வராது. அவரு ஆட்டை எல்லாம் பத்து நாளைக்கு என் மனையில கிடை போடணும். நான் செடி வச்சிருக்கிற எடத்தைச் சுத்தி அவரு செலவுல முள்வேலி. அதுக்கப்புறம் ஒரு ஆடு உள்ள வந்தாலும் பவுண்டுதான்."

கிடை போடுவது என்றால் அந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டு மந்தையை ராத்திரி வயலில் அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகும். அதற்கு ஆட்டுக்காரனுக்குத் தனியாக நெல் அளக்க வேண்டும். அழகுமலையின் மந்தை ஓசியில் கிடை கிடக்கும் என்றதும் கடலைக்காரக் கிழவரின் முகம் மாறியது.

"அந்த அம்மாவுக்குப் பத்து நாள்னா எனக்கு இருவது நாள்!"

"அதுக்கடுத்து எனக்கு!"

அடுத்த சித்திரை வரை அழகுமலையின் ஆடு எங்கே படுக்க வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே முள்வண்டி வந்தது. மந்தையும் வந்தது. ஆனால் ஓட்டிவந்தது காத்தாயி இல்லை, அழகுமலை. காத்தாயியை மத்தியானமே வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். அமராவதி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"காத்தாயியை நிப்பாட்டிட்டீங்களாமே?"

"என் வேலைக்காரி, என் இஷ்டம்."

"நல்லது. கிடைக்குக் காவல் வேணும்ல? நீங்களே படுங்க. நரி வந்தா எழுப்புங்க, வாத்தியாரு வருவாரு."

அவர் இரண்டு நாள் பாறையில் படுத்தார். மூன்றாம் நாள் காத்தாயிக்கு ஆள் அனுப்பினார். கூடக் கூலி கொடுத்தால்தான் வருவேன் என்று அவள் சொன்னாள். ஒப்புக்கொண்டார்.

பத்தாம் நாள் காலையில் அமராவதி வாசலில் குனிந்து மல்லிகைக் குச்சியைக் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை. இழுத்ததும் வேரோடு கையில் வந்துவிட்டது. மனை முழுக்க விரலளவுக்குப் புழுக்கை படிந்திருந்தது. எதை வைத்தாலும் வரும். இது மட்டும் வராது. அவள் அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை ஜெயித்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

"விடு" என்றான் முத்துராமன் பின்னாலிருந்து. "கறம்பக்குடியில மல்லிப் பதியன் கிடைக்கும். நான் வாங்கியாரேன்."

"எனக்குக் கறம்பக்குடி மல்லி வேணாம். நான் வச்ச மல்லி வேணும்." எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் தூக்குவாளி, ஈரத் துணி. "முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"விராலிமலைக்கா? அந்த அம்மா குடுக்கவே மாட்டாளே! போன தடவையே ஒடிச்சுட்டுத்தானே வந்தே?"

"போன தடவை ஒளிச்சு எடுத்துட்டு வந்தேன். இப்பப் போயி நேருக்கு நேரா கேக்கப் போறேன். நான் வச்ச செடியில ஒரு கொப்பு. குடுக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றாள்னு பாக்குறேன்."

செம்பாறைச் சில்லு நறநறக்க நடைபாதையில் இறங்கினாள். கிடையைக் கிளப்ப வந்து தெருவில் நின்ற அழகுமலை, அவள் வருகிற வேகத்தைப் பார்த்து, தன்னைத்தான் கேட்க வருகிறாளோ என்று கறுப்புக் கடாவின் கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.